வெளிநாட்டில் நிச்சயதார்த்த மோதிரம் வாங்கினால் பினாங்கு வந்து சேரும்போது மொத்தம் எவ்வளவு ஆகும்?

#1 ஜெலுத்தோங்காரன்

வணக்கம். தைப்பூசம் முடிந்ததும் எனக்கு நிச்சயதார்த்தம். பெண் வீடு கிள்ளான். மோதிரத்தை இரண்டு பேரும் சேர்ந்தே பார்த்து முடிவு செய்துவிட்டோம், ஆகவே ரகசியம் காக்கும் வேலை இல்லை. 18 கேரட் வெள்ளைத் தங்கம், 0.70 கேரட் வட்ட வைரம், கல்லின் தரத்தைச் சொல்லும் ஜிஐஏ ஆய்வகச் சான்றிதழ். ஓர் அமெரிக்க இணையக் கடையில் 2,400 டாலர் போட்டிருக்கிறார்கள். இன்சூரன்ஸோடு அனுப்ப 60 டாலர். ஜார்ஜ்டவுனில் விசாரித்த கடைகளில் இதே தரக் கல்லுக்கு இதைவிட நன்றாகவே கூடச் சொல்கிறார்கள்.

வரி எவ்வளவு வரும் என்பதுதான் குழப்பம். வேலையிடத்தில் ஒருவர் "நகைக்கு வரியே கிடையாது" என்கிறார். இன்னொருவர் "ஆடம்பர வரி வந்துவிட்டது, 30 சதவீதம் தீட்டுவார்கள்" என்கிறார். இரண்டையும் நம்ப மனமில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என்னிடம் இருக்கும் பணம் மொத்தம் 12,000 ரிங்கிட். அதற்கு மேல் போனால் மண்டப முன்பணத்தில் கை வைக்க வேண்டும்.

#2 செந்தூல்_சிங்கம்

சென்னையில் சொந்தக்காரர் யாரும் இல்லையா? தி.நகரில் வாங்கி விரலில் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். முடிந்தது கதை.

#3 பட்டர்வொர்த்_ஃபார்வர்டர்

#2-இல் சொன்ன யோசனையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் தம்பியின் கேள்வி.

வெளியிலிருந்து வரும் பொருளுக்கு இறக்குமதி வரி ஒன்று, விற்பனை வரி ஒன்று. இரண்டும் வேறு வேறு. வரியே இல்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். ஒரு பொருளுக்கு இறக்குமதி வரி பூஜ்யமாக இருந்தாலும் விற்பனை வரி தனியாக நிற்கும். விற்பனை வரி 5 அல்லது 10 சதவீதம். எந்தப் பொருளுக்கு எது என்பதை எச்எஸ் குறியீடு, அதாவது பொருளை வகைப்படுத்தும் சுங்க எண், முடிவு செய்யும். விலையுயர்ந்த உலோக நகை 7113-இல் வரும். நகையில் கட்டாத தனி வைரம் 7102. கவரிங் வகையறா 7117. சுங்கத்துறையின் இணையதளத்தில் குறியீட்டைத் தட்டினால் இரண்டு வரிகளும் வரும். இரண்டு கட்டத்தையும் படியுங்கள், முதல் கட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அன்றைய தேதிக்குப் பாருங்கள். 2025 ஜூலை 1-ஆம் தேதி விற்பனை வரிப் பட்டியல் பெரிதாக மாறியது. அதற்கு முந்தைய பழைய பதில்களை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

"ஆடம்பர வரி" கதை எங்கிருந்து வந்தது என்றால், 2023 அக்டோபரில் தாக்கலான 2024 பட்ஜெட்டில் நகை, கைக்கடிகாரம் போன்றவற்றுக்கு 5 முதல் 10 சதவீதம் வரை உயர்மதிப்புப் பொருள் வரி என்று அறிவித்தார்கள். 2024 மே மாதம் தொடங்குவதாக இருந்தது. தொடங்கவில்லை. தனி வரியாக அது வரவே இல்லை, எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) விரிவாக்கத்தோடு சேர்த்து முடித்துவிட்டார்கள். 30 சதவீதம் என்பது காப்பிக்கடைக் கணக்கு.

இனி எதன் மேல் வரி போடுவார்கள் என்பது. பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். மோதிர விலை மட்டும் இல்லை, விலையோடு அனுப்பும் செலவும் இன்சூரன்ஸும் சேர்ந்த சிஐஎஃப் மதிப்பு. உங்கள் விஷயத்தில் 2,460 டாலர். சுங்கத்துறை தனக்கென்று ஒரு மாற்று விகிதம் வெளியிடும், அதுதான் கணக்கு. வசதிக்கு டாலர் 4.20 என்று வைத்துக்கொள்வோம்:

சிஐஎஃப் மதிப்பு 10,332 ரிங்கிட்.
இறக்குமதி வரி இல்லை, விற்பனை வரி 5 சதவீதம் என்றால் 516.60.
இறக்குமதி வரி இல்லை, விற்பனை வரி 10 சதவீதம் என்றால் 1,033.20.

இறக்குமதி வரி இருக்கும் பொருள் என்றால் விற்பனை வரி அதன் மேலும் ஏறும். பேச்சுக்கு 5 சதவீத இறக்குமதி வரி என்றால் அது 516.60. இரண்டும் சேர்ந்து 10,848.60. அதன் மேல் 10 சதவீதம் 1,084.86. ஆக மொத்த வரி 1,601.46. வரிக்கு மேல் வரியா என்று கேட்காதீர்கள். ஆமாம், அப்படித்தான்.

பட்ஜெட் போடும்போது 10 சதவீதத்தையே வைத்துப் போடுங்கள். குறைந்து வந்தால் லாபம்.

#4 ஜெலுத்தோங்காரன்

மிக்க நன்றி அண்ணே. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. இன்னொரு சந்தேகம். ஷாப்பி இணையச் சந்தையில் வெளிநாட்டுச் சாமான் வாங்கும்போது 10 சதவீதம் அங்கேயே பிடித்துவிடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

#5 பட்டர்வொர்த்_ஃபார்வர்டர்

இல்லை. அது 2024 ஜனவரி 1 முதல் உள்ள குறைந்த மதிப்புப் பொருள் வரி. 500 ரிங்கிட்டும் அதற்குக் கீழும் உள்ள பொருளுக்கு, பதிவு செய்த விற்பனையாளரே வாங்கும் நேரத்தில் வசூலிப்பார். 500-ஐத் தாண்டினால் எல்லையில் வழக்கமான முறை. உங்கள் மோதிரம் அந்த ஆட்டத்தில் இல்லை.

#6 லெபோ_பசார்_அங்கள்

ஏன் தம்பி இந்தத் தலைவலி? லிட்டல் இந்தியாவில் நடந்து போனால் கைக்கெட்டும் தூரத்தில் நகைக்கடை. பார்த்து, தொட்டு, விரலில் போட்டுப் பேரம் பேசி வாங்கலாம். 916, அதாவது 22 கேரட் தங்கம் வாங்கினால் நாளைக்கு அவசரத்துக்கு அடகு வைக்கலாம், மாற்றலாம், விற்கலாம். அந்த வைரத்தை எடுத்துக்கொண்டு போய் எந்தக் கடையில் நீட்டினாலும் போட்ட காசு திரும்பாது. 18 கேரட் என்பது 750. நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு வேறு உலோகம். அதை நிச்சயதார்த்தத் தட்டில் வைத்தால் பெண்ணின் பாட்டி என்ன சொல்வார் என்று யோசித்தீர்களா?

ஒரு காலத்தில் பினாங்கு ஃப்ரீ போர்ட். ஊர் முழுக்க வரியில்லாத சாமான். 1969-இல் அது போனது. இப்போது பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து மோதிரம் வரவழைத்து வரி கட்டுகிறார்கள்.

#7 ஜெலுத்தோங்காரன்

அங்கள், தாலி, சங்கிலி எல்லாம் 916-தான், அதை அம்மா ஏற்கெனவே லெபோ பினாங்கில் செய்யக் கொடுத்துவிட்டார். இந்த ஒன்று மட்டும் அவள் ஆசைப்பட்டது. விற்பதற்காக வாங்கவில்லை.

#8 பத்தர்_மகன்

அங்கள் சொல்வதில் விற்பனை மதிப்புப் பற்றிய பாதி முழுக்கச் சரி. வைரத்தை முதலீடு என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆனால் 750-ஐத் திட்ட வேண்டாம். 22 கேரட் மெத்தென்று இருக்கும், அதில் கொக்கி வைத்துக் கல் கட்டினால் நாளடைவில் கொக்கி வளைந்து கல் ஆடும். தனிக் கல் மோதிரத்துக்கு 18 கேரட் எடுப்பது ஏமாற்று வேலை இல்லை. எங்கள் பட்டறையிலும் அதையே சொல்வோம்.

#9 கூலிம்_அக்கா

தம்பி, நான் இதைச் செய்திருக்கிறேன். என் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம். வரியைவிட வரியைச் சுற்றி இருந்தவைதான் எங்களைப் படுத்தியது.

முதலில் நல்ல செய்தி. இங்கிலாந்து, ஐரோப்பாக் கடைகளில் தெரியும் விலை அவர்கள் நாட்டு வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்ந்த விலை. இங்கிலாந்தில் 20 சதவீதம். நாட்டுக்கு வெளியே நேராக அனுப்பும்போது அதைக் கழித்துவிட வேண்டும். 1,200 பவுண்டு என்று போட்டிருந்தால் வாட் இல்லாமல் 1,000. சில தளங்கள் முகவரியை மாற்றியதும் தானாகக் குறைத்துக் காட்டும். சில தளங்கள் காட்டாது, நாம்தான் எழுதிக் கேட்க வேண்டும். எங்கள் கடைக்காரர் கேட்ட பிறகுதான் குறைத்தார். கேட்காமல் விட்டிருந்தால் அங்கே ஒரு வரி, இங்கே ஒரு வரி என்று இரண்டு நாட்டுக்கும் கட்டியிருப்போம். அமெரிக்கக் கடையில் வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வழக்கமாக அவர்கள் மாநில விற்பனை வரி சேர்ப்பதில்லை, ஆனாலும் பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கூரியர். பார்சல் கேஎல்ஐஏ விமான நிலையம் வந்துவிட்டது என்று காட்டியது, பிறகு அசையவே இல்லை. அழைத்தால் ஆளுக்கு ஒரு பதில். கடைசியில் பார்த்தால் கடைக்காரர் இன்வாய்ஸில் "பரிசுப் பொருள்" என்று மட்டும் எழுதியிருக்கிறார், உலோகம் என்ன, கல் என்ன, எடை என்ன, ஒன்றும் இல்லை. அதற்கு விளக்கம் எழுதி, பணம் கட்டிய வங்கி அறிக்கை அனுப்பி, பிறகுதான் நகர்ந்தது. வந்த பில்லில் விற்பனை வரி ஒரு தொகை. கூரியர் நமக்காக முன்பணமாக வரி கட்டியதற்குச் சேவைக் கட்டணம் இன்னொரு தொகை. அந்தக் கட்டணத்துக்குச் சேவை வரி வேறு. இதை எல்லாம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அழைத்தபோது "எங்கள் இணையதளத்தில் இருக்கிறதே" என்றார்கள். இருந்தது, எங்கேயோ அடியில்.

பில்லைக் கட்டி மோதிரத்தை எடுத்தால், தங்கை விரலுக்கு லொடலொடவென்று ஆடியது. அது தனிக் கதை.

#10 செந்தூல்_சிங்கம்

அந்த "பரிசுப் பொருள்" நல்ல யோசனைதான். கடைக்காரரிடம் சொல்லி "கிஃப்ட், 100 டாலர்" என்று எழுதி அனுப்பச் சொன்னால் 500 ரிங்கிட்டுக்குள் வந்துவிடுமே? பல பேர் செய்கிறார்கள்.

#11 பட்டர்வொர்த்_ஃபார்வர்டர்

பல பேர் செய்கிறார்கள் என்பது தெரியும். அதனால்தான் நகைப் பார்சல் என்றாலே பிரித்துப் பார்க்கிறார்கள்.

தம்பி இதைப் படித்தால் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். சுங்கச் சட்டம் 1967, பிரிவு 133: பொய்யான அறிவிப்பு கொடுப்பது குற்றம். எழுதியது அமெரிக்கக்காரராக இருக்கலாம். ஆனால் இங்கே இறக்குமதியாளர் என்று பெயர் நிற்பது உங்களுடையது. பரிசு என்று எழுதினால் பணம் கொடுத்து வாங்கிய பொருளின் விலை மாறிவிடாது. அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் ஜிஐஏ எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்தாலே கல்லின் தரம் முழுக்க வந்துவிடும். 0.70 கேரட் கல் 100 டாலருக்கு எந்த ஊரில் கிடைக்கிறது?

சட்டத்தை விடுங்கள், வியாபாரக் கணக்காகவே பாருங்கள். 100 டாலர் என்று எழுதிய பார்சல் தொலைந்தால் இன்சூரன்ஸ் கொடுப்பது 100 டாலர்தான். ஆயிரம் ரிங்கிட் வரியை மிச்சம் பிடிக்கப் பத்தாயிரத்தை நடுக்கடலில் விடுவதா? எங்கள் அலுவலகத்தில் இப்படி வந்து உட்கார்ந்து புலம்பியவர்களுக்கு என்ன ஆறுதல் சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

இப்போது விரலில் போட்டு வரும் விஷயம். வெளியே வாங்கிய புதுப் பொருள், பயணிக்கு விட்டுக் கொடுக்கும் மதிப்பைத் தாண்டினால் அதை அறிவிக்க வேண்டும். விமான நிலையத்தில் சிவப்பு வழி அதற்குத்தான். பத்தாயிரம் ரிங்கிட் மோதிரம் அந்த வரம்புக்கு எவ்வளவோ மேலே. பெட்டியில் வந்தாலும் விரலில் வந்தாலும் அது இறக்குமதிதான். மாமா சுண்டுவிரலில் பெண்கள் மோதிரம் மினுங்கினால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறீர்களா? போதாக்குறைக்குப் பையில் கடை பில், பெட்டி, சான்றிதழ் எல்லாம் பத்திரமாக இருக்கும்.

அறிவித்துவிட்டுக் கொண்டு வருவது வேறு. அது சட்டப்படி சரி, கூரியர் செலவும் மிச்சம். ரசீதைக் காட்டி, அங்கேயே வரி கட்டி, அதற்கான ரசீதை வாங்கிக்கொண்டு போகலாம்.

#12 ஜொகூர்_கரை

சிங்கப்பூரில் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல். அங்கே ஜிஎஸ்டி 2024 முதல் 9 சதவீதம். சுற்றுப்பயணிகளுக்குத் திருப்பித் தரும் திட்டம் இருக்கிறது, ஆனால் சாங்கி போன்ற விமான நிலையமோ கப்பல் முனையமோ வழியாக வெளியேறினால்தான். உட்லண்ட்ஸ், துவாஸ் பாலம் வழியாகப் பஸ்ஸில் வந்தால் கிடையாது. என் நண்பர் மோதிரம் வாங்கிவிட்டு பஸ் டிக்கெட்டோடு நின்றார். அப்புறம் சாங்கியிலிருந்து பினாங்குக்கு விமான டிக்கெட் எடுத்தார்.

அங்கே திருப்பி வாங்கினாலும் இங்கே கட்ட வேண்டியது கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பலர் அங்கே கழிந்துவிட்டால் எல்லாம் கழிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

#13 செந்தூல்_சிங்கம்

சரி சரி, வாயைத் திறக்கவில்லை. ஆனால் இந்தியாவோடு நமக்கு வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறதே? அங்கிருந்து முறைப்படியே வரவழைத்தால் வரி குறையாதா?

#14 பட்டர்வொர்த்_ஃபார்வர்டர்

இது நல்ல கேள்வி. ஆசியான்-இந்தியா ஒப்பந்தம் 2010 முதலும், மலேசியா-இந்தியா ஒப்பந்தம் 2011 ஜூலை முதலும் நடப்பில் இருக்கின்றன. ஆனால் இவை குறைப்பது இறக்குமதி வரியை. விற்பனை வரியைத் தொடாது. சலுகை கேட்க விற்பனையாளர் அந்த நாட்டு அதிகாரிகளிடம் தோற்றச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். ஒற்றை மோதிரத்துக்கு எந்தக் கடைக்காரரும் அந்த அலைச்சலுக்கு வர மாட்டார். அப்புறம் இந்தியாவில் கடையில் நின்று வாங்கினால் நகைக்கு 3 சதவீத ஜிஎஸ்டி. அது அங்கேயே போய்விடும்.

#15 ஜெலுத்தோங்காரன்

சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். நான் வேலை செய்வது பாயான் லெப்பாஸ் ஃப்ரீ டிரேட் சோனில். பார்சலைத் தொழிற்சாலை முகவரிக்கு வரவழைத்தால்?

#16 பட்டர்வொர்த்_ஃபார்வர்டர்

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அந்த வளாகம் தொழிற்சாலை உற்பத்திக்கு. மோதிரம் வேலிக்குள் இருக்கும்வரைதான் வரி தூங்கும். வாசலைத் தாண்டியதும் இறக்குமதி. நிச்சயதார்த்தத்தைத் தொழிற்சாலைக் கேண்டீனில் வைத்துப் பெண்ணையும் அங்கேயே குடியமர்த்தினால் பரவாயில்லை.

லங்காவிக்கு அனுப்பி எடுத்து வரலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். 1987 முதல் அது வரியில்லாத் தீவு, உண்மைதான். அங்கிருந்து இந்தப் பக்கம் வரும்போது சுங்கச் சாவடி இருக்கிறது, அங்கும் பயணிக்கான வரம்புதான்.

#17 நெறியாளர்

கடை விளம்பரமாக வந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. விலை ஒப்பிடலாம், விற்பனை வேண்டாம்.

#18 பிரிக்ஃபீல்ட்ஸ்_மருமகள்

நான் நேர்மாறாகச் செய்தேன். வெளிநாட்டுத் தளத்தில் பிடித்த கல்லின் ஜிஐஏ விவரத்தை அச்செடுத்துக்கொண்டு மஸ்ஜித் இந்தியா, பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் ஏறி இறங்கினேன். "இதே எடை, நிறம், தெளிவு, வெட்டு, இந்த விலைக்கு முடியுமா" என்று கேட்டேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் உட்கார வைத்துக் கணக்குப் போட்டார். அவர் சொன்ன விலை தளத்து விலையைவிடக் கூடுதல்தான். ஆனால் வரி, கூரியர் கட்டணம், கார்டுக்கு வங்கி பிடிப்பது எல்லாம் ஏற்றிப் பார்த்தபோது வித்தியாசம் சில நூறு ரிங்கிட்டுக்குள் சுருங்கிவிட்டது. அந்தச் சில நூறுக்கு எனக்கு இலவசமாக அளவு மாற்றினார்கள், வருடத்துக்கு ஒருமுறை மெருகு போடுகிறார்கள். வெள்ளைத் தங்கத்தின் மேல் ரோடியம் பூச்சு தேய்ந்தால் லேசாக மஞ்சள் அடிக்கும், மறுபடியும் பூச வேண்டும். அமெரிக்காவுக்கா அனுப்புவது?

தம்பி, 2,400 டாலரை உள்ளூர் விலையோடு ஒப்பிடாதீர்கள். கையில் வந்து சேரும் தொகையோடு ஒப்பிடுங்கள்.

பணம் கட்டும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. தளம் "ரிங்கிட்டில் செலுத்துகிறீர்களா" என்று கேட்டால் வேண்டாம் என்று டாலரிலேயே கட்டுங்கள். அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகம்.

#19 புக்கிட்_மெர்தாஜாம்_பொறியாளர்

லேப் வைரம், அதாவது ஆய்வகத்தில் வளர்த்த கல், பார்த்தீர்களா? அதே கார்பன், அதே பளபளப்பு, விலை மட்டும் ஒரு சிறு பங்குதான். 12,000-க்கு நீங்கள் பயப்படவே வேண்டாம்.

#20 ஜெலுத்தோங்காரன்

பார்த்தோம் அண்ணே. எனக்குச் சம்மதம். அவளுக்கும் பாதிச் சம்மதம். அவள் அம்மாவுக்குத் தெரிந்தால் "தொழிற்சாலை வைரம்" என்று கிள்ளான் முழுக்கப் பேர் வந்துவிடும். அந்தக் கதவை மூடிவிட்டோம்.

#21 பத்தர்_மகன்

லேப் கல் வாங்குபவர்கள் இன்வாய்ஸில் அதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கட்டாமல் தனிக் கல்லாக வந்தால் இயற்கை வைரம் 7102, செயற்கை 7104. தலைப்பே மாறுகிறது. மோதிரமாகக் கட்டி வந்தால் இரண்டும் 7113-தான்.

தம்பிக்கு நான் சொல்ல வந்தது வேறு. கல்லை மட்டும் வரவழைத்து மோதிரத்தை இங்கே செய்யும் வழி இருக்கிறது. பினாங்கில் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். இதில் அளவுப் பிரச்சினை அடியோடு போய்விடும். கூலிம் அக்காவுக்கு நடந்தது எங்கள் பட்டறையில் வாராவாரம் வரும் கதை. அமெரிக்காவில் எண், இங்கிலாந்தில் எழுத்து, நம் ஊர்க் கடைகளில் வேறு எண். இணையத்தில் அட்டவணை பார்த்து ஆர்டர் போடுவார்கள், அரை அளவு தப்பிவிடும். சாதாரண வளையம் என்றால் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். சுற்றிலும் கல் வைத்த வளையம் என்றால் கை வைக்க முடியாது. பிளாட்டினம் என்றால் எல்லாப் பட்டறையிலும் செய்ய மாட்டார்கள், அதன் உருகு சூடு வேறு, அதற்கான டார்ச் வேறு.

அளவு மாற்ற வெளிநாட்டுக்கே திருப்பி அனுப்பினால், அங்கிருந்து மறுபடி வரும்போது அது புதுப் பார்சல்போலத் தெரியும். பழுது பார்க்கப் போய்த் திரும்பி வரும் பொருள் என்பதற்குப் போகும்போதே காகிதம் இருக்க வேண்டும். ஃபார்வர்டர் அண்ணன் இதைப் பற்றிச் சொல்வார்.

கல் மட்டும் வாங்கும்போது சான்றிதழில் எல்லோரும் நிறம், தெளிவு பார்க்கிறார்கள். கட்டுகிறவன் பார்ப்பது இடுப்பு விளிம்பு, அதாவது கல்லின் நடுவைச் சுற்றி ஓடும் விளிம்பு. "மிக மெல்லியது" என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். வைரம் கெட்டி, உடையாது என்பார்கள். கீறல் விழாது என்பதுதான் உண்மை. மெல்லிய விளிம்பில் கொக்கியை அழுத்தும்போது சில்லு பெயரும்.

#22 பட்டர்வொர்த்_ஃபார்வர்டர்

ஆமாம். திருப்பி அனுப்பும் முன்பே சுங்கத்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும், ஏற்றுமதிக் காகிதத்தில் கல்லின் ஜிஐஏ எண் உட்பட அடையாளம் இருக்க வேண்டும், அதே பொருள்தான் திரும்பி வந்தது என்று காட்ட வேண்டும். ஒருவருக்கு ஒரு மோதிரம் என்றால் முகவர் கட்டணமே அளவு மாற்றும் கூலியை விழுங்கிவிடும். பட்டறையிலேயே செய்துகொள்ளுங்கள்.

தனிக் கல்லுக்கும் வரிக் கட்டங்களை 7102-இன் கீழ் பாருங்கள், நகைக்குப் பார்த்ததை அப்படியே இதற்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வைரம் என்றதும் கிம்பர்லி சான்றிதழ், அதாவது போர்க்குழுக்களுக்குப் பணம் போகும் வைரம் இல்லை என்ற சான்று, வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். அது 2003-இல் வந்த ஏற்பாடு, பட்டை தீட்டாத மூல வைரத்துக்கு மட்டும். தீட்டிய கல்லுக்குத் தேவையில்லை.

கூரியருக்கும் எழுதிக் கேளுங்கள். தனி ரத்தினக்கல், நகை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு கூரியருக்கும் மதிப்பு வரம்பு, தடை, தனி விதி இருக்கும். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இரண்டு. வரி அவர் பொறுப்பா, நம் பொறுப்பா, அதாவது டிடிபியா டிஏபியா? டிடிபி என்றால் விற்பனை வரியும் சேர்த்துத்தானா? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். சாட்டில் சொன்னது நிற்காது.

#23 கூலிம்_அக்கா

இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. பார்சல் வரும் என்று காத்திருக்கும் நேரத்தில் "உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால் நம்பிவிடாதீர்கள். எதற்கும் காத்திருக்காத நாளில் வந்தால் அழித்துவிடுவோம். காத்திருக்கும் நாளில் வந்தால் கை தானாகப் போகும். சுங்கத்துறை தனிநபர் கணக்கில் பணம் கேட்காது. கூரியரின் சொந்தத் தளத்தில் கண்காணிப்பு எண்ணைப் போட்டு, அங்கே காட்டும் பில்லை மட்டும் கட்டுங்கள். அவசரத்தில் பணம் போட்டுவிட்டால் உடனே 997-க்கு அழைக்கவும், அது தேசிய மோசடித் தடுப்பு மையம்.

#24 ஜெலுத்தோங்காரன்

எல்லோருக்கும் நன்றி. நிலவரம் இது.

கடைக்காரருக்கு எழுதினேன். மலேசியாவுக்கு டிஏபிதான், வரி நம் பொறுப்பு. தனிக் கல்லாகத் தர முடியுமா என்றேன், 1,950 டாலர் என்றார். திருப்பி அனுப்பும் 30 நாள் அவகாசம் பார்சல் கிளம்பும் நாளிலிருந்தே ஓடும் என்று அடியில் ஒரு வரி. நிச்சயதார்த்தத்துக்கு மாதக்கணக்கில் இருக்கிறது என்று பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருப்பேன், நல்ல வேளை கண்ணில் பட்டது.

பிரிக்ஃபீல்ட்ஸ் சகோதரி சொன்னபடி சான்றிதழை எடுத்துக்கொண்டு இங்கேயும் விசாரித்தேன். மோதிரம் முழுசாக உள்ளூரில் வாங்கினால் என் வரம்பைத் தாண்டுகிறது. மோதிரம் முழுசாக அமெரிக்காவிலிருந்து என்றால், 10 சதவீதம் வைத்துப் பார்த்தால் வரம்புக்குள் ஒட்டி நிற்கிறது, அளவு தப்பினால் தாண்டும். கல் மட்டும் அங்கே, மோதிரம் இங்கே என்றால் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கிறது. அவளும் சரி என்றுவிட்டாள். வளையத்தின் உள்பக்கம் பெயர் பொறிக்க நம் ஊரிலேயே தமிழில் செய்வார்கள் என்பது அவளுக்குப் பிடித்துவிட்டது.

பத்தர் மகன் அண்ணே, ஒரு கேள்வி. கல்லைப் பட்டறையில் கொடுத்துவிட்டு வரும்போது பயமாக இருக்கும். மாறிவிட்டால்? கட்டும்போது உடைந்தால்?

#25 லெபோ_பசார்_அங்கள்

வளையமாவது நம் ஊரில் செய்கிறானே. நல்லது தம்பி. பாட்டியிடம் 750 என்று நீயாகப் போய்ச் சொல்லாதே.

#26 பத்தர்_மகன்

பயம் நியாயமானது, கேட்பதில் கூச்சப்படாதீர்கள். நல்ல பட்டறை கோபித்துக்கொள்ளாது.

கொடுக்கும் முன் பத்து மடங்கு லென்ஸில் இடுப்பு விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். லேசர் எழுத்து உள்ள கல்லில் ஜிஐஏ எண் பொடியாக இருக்கும். உங்கள் கண்ணாலும் பார்த்துவிடுங்கள். லேசர் எழுத்து எல்லாச் சான்றிதழ்க் கல்லிலும் இருக்காது, ஆகவே வாங்கும்போதே அது உள்ள கல்லாக எடுங்கள். பிறகு தராசில் எடை. 0.70 கேரட் என்றால் 0.14 கிராம். எடை, எண், அளவு மூன்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். கட்டும்போது சேதமானால் யார் பொறுப்பு என்பதையும் அதே ரசீதில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சில பட்டறைகள் வாடிக்கையாளர் கொண்டுவரும் கல்லுக்குப் பொறுப்பு ஏற்காது. அதை முன்பே நேராகச் சொல்கிறவரிடம் கொடுக்கலாம், பேச்சை மழுப்புகிறவரிடம் வேண்டாம்.

ஆறு கொக்கி கேளுங்கள். நான்கு வைத்தால் கல் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், ஆனால் ஒன்று தேய்ந்தால் கல் ஆடும். லேசர் எழுத்தின் மேல் கொக்கி உட்காராமல் கட்டச் சொல்லுங்கள், அப்போதுதான் வாங்கும்போது அதே எண்ணை மறுபடி லென்ஸில் பார்த்து எடுத்துக்கொள்ள முடியும். விரல் அளவு எடுக்க அவளை மாலை நேரத்தில் கூட்டி வாருங்கள். காலையில் ஏர்கானில் குளிர்ந்த விரல் சிறுத்திருக்கும், அதை வைத்துச் செய்தால் மத்தியான வெயிலில் கழற்ற முடியாது.